அருமையும் இன்மையும்

தமிழில் 'அருமை' என்பது விந்தையானதொரு சொல். கிடைத்தற்கு அரிதாயிருத்தல் என்பது அதன் முதற்பொருள். சிறப்பு, மதிப்பு, அன்புக்குரியதாதல் என்பன அதன்வழித் தோன்றிய பொருள்கள். 'அருமை மகள்' என்கிறோம். 'அருமையான பாட்டு' என்கிறோம். அரிதாய் இருப்பது எதுவோ அதுவே சிறந்தது என்னும் எண்ணம் நம் நாவிலேயே ஊறிக் கிடக்கிறது. ஆயின் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. பழைய உரையாசிரியர்கள் சில இடங்களில் 'அருமை' என்பதற்கு 'இன்மை' என்றே பொருள் கொண்டனர். அரிதாதலுக்கும் இல்லாமற் போதலுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு படிதான் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

அரிது என்பதற்காகவே ஒன்றை மதிப்பது முறையா? எளிதில் கிடைப்பது அந்த ஒரு காரணத்தாலேயே மதிப்பிற் குறைந்ததாகுமா? பொன்னுக்கும் மணிக்கும் இவ்வினா பொருந்தாது. அவற்றுக்கு உயிரில்லை, தாம் அரியவை என்பதால் அவை துன்புறுவதுமில்லை. உயிருள்ள ஒன்று அரிதாகும்போதுதான் இவ்வினா அறத்தின் வினாவாகிறது. ஆகவே இதனை ஒரு பறவையைத் துணைகொண்டு ஆராய்வோம். அப்பறவை உலகிலேயே மிக அரிய நீலக்கிளி.

பஞ்சவர்ணக்கிளி என்று நாம் வழங்கும் மக்காவ் குடும்பத்தைச் சேர்ந்தது அது. பிரேசில் நாட்டின் வடகிழக்கே, காட்டிங்கா எனப்படும் வறண்ட முட்காட்டில் வாழ்ந்தது. அலகு முதல் வால் நுனி வரை ஒன்றரை முழத்திற்கும் குறைவான நீளம். எடை ஏறத்தாழ 300 கிராம். தலை சாம்பல் கலந்த வெளிர்நீலம். முதுகும் சிறகும் நீண்ட வாலும் ஆழ்ந்த நீலம். வயிறு சற்றே வெளிறிய நீலம். கண்ணைச் சுற்றி இறகில்லாத கருஞ்சாம்பல் தோல். அதன் நடுவே மஞ்சள் நிறக் கண். அலகு கருமை. இளங்கிளிக்கு மட்டும் அலகின் மேல்விளிம்பில் வெள்ளைக்கோடு ஒன்று இருக்கும். வளர வளர அது மறைந்துவிடும். 1819ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ ஆற்றங்கரையில் ஸ்பிக்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனைச் சுட்டு வீழ்த்தி எடுத்துச் சென்றார். அவர் மறைந்தபின், 1832ஆம் ஆண்டில் வாக்லர் என்பார் அது தனி இனம் என்று கண்டு, ஸ்பிக்ஸின் பெயரையே அதற்கு இட்டார். 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரியோ' என்னும் திரைப்படத்தின் நாயகன் இந்த இனத்துக் கிளிதான். ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இதன் உருவம் நம்மினும் நன்றாகத் தெரியும்.

இக்கிளியின் நீலம் எங்கிருந்து வந்தது? இந்த வினாவிற்கும் பெங்களூருக்கும் ஓர் உறவு உண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன், 1921ஆம் ஆண்டில் கப்பலில் திரும்பி வருகையில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு அதன் காரணத்தை ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சிப் பாதையே அவரை 1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வரை கொண்டுசென்றது. 1933இல் பெங்களூருக்கு வந்து, மறுவருடமே இங்கு இந்திய அறிவியல் அகாதெமியை நிறுவிய அவர், அதன் ஏட்டின் தொடக்க இதழிலேயே பறவை இறகுகளின் நிறத்தைப் பற்றி எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட பறவை பனங்காடை. இன்று கருநாடக மாநிலத்தின் பறவையாக விளங்குவதும் அதுவே. கடலின் நீலத்தை ஆராய்ந்த கண், வயல்வெளியில் கம்பியின்மேல் அமர்ந்திருக்கும் ஒரு பறவையின் நீலத்தையும் அதே வியப்போடு ஆராய்ந்தது. அரியது எளியது என்ற வேற்றுமையை அக்கண் அறியவில்லை.

இன்று அறிவியல் நமக்குத் தெளிவாகச் சொல்வது இது: கிளியின் இறகில் நீலச்சாயம் என்று ஒன்று இல்லவே இல்லை. இறகின் உள்ளே கடற்பஞ்சு போல நுண்துளைகள் நிறைந்த ஓர் அமைப்பு இருக்கிறது. அதன்மேல் விழும் ஒளியில் நீலப்பகுதி மட்டும் சிதறித் திரும்புகிறது. எஞ்சியதை அடியிலுள்ள கருஞ்சாயம் விழுங்கிவிடுகிறது. நீல இறகை நசுக்கினால் நீலம் போய்விடும்; நசுங்கியது அமைப்பு. அப்படியாயின் பச்சைக்கிளியின் பச்சை? அதிலும் அதே நீல அமைப்பு இருக்கிறது. அதன்மேல் மஞ்சள் சாயம் கலந்திருப்பதால் நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகின்றன. லால்பாக் மரங்களில் மாலைதோறும் ஆரவாரித்து அடையும் ஒவ்வொரு பச்சைக்கிளியின் இறகுக்குள்ளும் ஒரு நீலக்கிளி ஒளிந்திருக்கிறது எனலாம்.

இவ்வுண்மை ஒரு வேடிக்கையையும் விளக்குகிறது. நாம் நாள்தோறும் காணும் கிளிக்குச் செந்தார்ப் பைங்கிளி என்று பெயர். ஆண்கிளியின் கழுத்தில் மாலைபோல் செந்நிற வளையம் இருப்பதால் வந்த பெயர். இந்த இனத்தில் பிறவி மாற்றத்தால் மஞ்சள் சாயம் உண்டாகாத குஞ்சு எப்போதேனும் பிறப்பதுண்டு. அதன் உடல் நீலமாகவே தோன்றும். கூண்டில் கிளி வளர்ப்போர் அத்தகையவற்றைத் தேர்ந்து இணைத்துப் பெருக்கினர். உலகச் சந்தைகளில் அவை பச்சைக்கிளியினும் உயர்ந்த விலை பெற்றன. மஞ்சள் சாயம் போகும்போது செஞ்சாயமும் உடன் போய்விடுவதால், அவற்றின் கழுத்து மாலை வெளிறிவிடும். செந்தார்க்கிளி தன் செந்தாரை இழந்து நிற்கிறது. இழந்ததற்காகவே மிகுந்த விலை பெறுகிறது. நாம் கொடுக்கும் விலை அதனிடம் உள்ளதற்கா, இல்லாததற்கா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் நீலச்சிறகுக் கிளி குடகிலும் நீலகிரியிலும் ஆனைமலையிலும் பறந்து திரிகிறது. புறாவின் சாம்பல் நிறம் தலையிலும் மார்பிலும், ஆழ்நீலம் சிறகிலும், மஞ்சள் நுனி வாலிலும். ஆணின் கழுத்தில் கருவளையத்தோடு நீலப்பச்சை வளையம். உலகில் வேறெங்கும் இயற்கையாய் இல்லாத கிளி அது. பெங்களூரிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் அதன் காட்டை அடைந்துவிடலாம். எனினும் நம்மில் எத்தனை பேர் அதன் பெயரையேனும் அறிவோம்? தொலைவிலுள்ள நீலத்துக்கு ஏங்கும் கண் அருகிலுள்ள நீலத்தைக் காண்பதில்லை.

ஸ்பிக்ஸ் கிளியின் கதைக்கு மீள்வோம். அது எப்போதுமே எண்ணிக்கையில் மிகுதியாக இருந்த இனமன்று. ஓடைக்கரைகளில் வளரும் கராய்பெய்ரா என்னும் பெருமரங்களின் பொந்துகளே அதன் வீடு. மரங்கள் வெட்டப்பட்டன, புதிய கன்றுகளை ஆடுகள் மேய்ந்தன, வீடு குறுகியது. அதன்பின் வந்தது பெருங்கேடு. அரிது என்ற செய்தி பரவப் பரவ, செல்வர் சிலர் அதனைத் தம் கூண்டில் வைத்திருப்பதைப் பெருமையாகக் கருதினர். அரிதானதால் விலை ஏறியது. விலை ஏறியதால் பிடிப்போர் மிகுந்தனர். பிடிக்கப் பிடிக்க மேலும் அரிதாயிற்று. அதனால் விலை மேலும் ஏறியது. 1967ஆம் ஆண்டிலேயே பிரேசில் காட்டுயிர் வணிகத்தைத் தடை செய்திருந்தும் அச்சக்கரம் நிற்கவில்லை. 1980களின் நடுவில் குராசா என்னும் ஊரையடுத்த காட்டில் மூன்று பறவைகளே காணப்பட்டன. அவையும் பிடிபட்டன என்று உலகம் கருதியிருந்த வேளையில், 1990ஆம் ஆண்டில் ஒரே ஓர் ஆண்கிளி எஞ்சியிருப்பது தெரிய வந்தது.

அந்த ஒற்றைக்கிளி பத்தாண்டுக் காலம் அக்காட்டில் வாழ்ந்தது. தன் இனத்துப் பெண் கிடைக்காமையால், இல்லிகர் மக்காவ் என்னும் வேற்றினப் பெண்கிளியோடு இணை சேர்ந்தது. அப்பெண்ணின் உடல் பச்சை. தன் குலம் தழைக்க அவ்விணைக்குக் குஞ்சு வாய்க்கவில்லை. 1995இல் கூண்டிலிருந்த நீலப் பெண்கிளி ஒன்றை அங்குக் கொண்டுபோய் விட்டனர். சில வாரங்களில் அது காணாமற் போயிற்று. 2000ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற்குப் பின் அந்த ஆண்கிளியையும் எவரும் காணவில்லை. 2019ஆம் ஆண்டில், காட்டில் அற்றுப்போன இனம் என்று அது முறைப்படி அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் நம் வினாவின் விடை தலைகாட்டுகிறது. உலகம் எதனை 'அருமை' என்று வியந்ததோ, அது அப்பறவைக்குத் தனிமை. அது கூவியபோது தன் இனத்துக் குரல் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. அரிதாயிருத்தல் ஓர் உயிரின் பண்பன்று. அதற்கு நேர்ந்த நிலை. பசித்தவனின் மெலிவைக் கண்டு 'என்ன ஒல்லியான அழகு' என்பது எத்தகையதோ, அற்றுவரும் உயிரை அதன் அருமைக்காகப் போற்றுவதும் அத்தகையதே. போற்றத்தக்கது அதன் அழகு, அதன் வாழ்வு. அதன் அருமையோ பெரும்பாலும் நம்மைக் குற்றம் சாட்டி நிற்கும் ஒரு கணக்கு.

மறுப்பாக ஒன்று கூறலாம். "அரிது என்பதனால்தானே அதனைக் காக்கப் பலர் முன்வந்தனர்? கூண்டில் வைத்திருந்தோரிடம் எஞ்சிய பறவைகளிலிருந்துதானே அவ்வினம் மீண்டும் பெருகியது?" இம்மறுப்பில் உண்மை உண்டு, அதனை மறைத்தல் நேர்மையன்று. காட்டை வெறுமையாக்கிய அதே கூண்டுகள் வித்தையும் காத்து வைத்திருந்தன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெர்மனியிலிருந்து 52 கிளிகள் குராசாவுக்குத் திரும்பின. 2023இல் 26 கிளிகள் நம் நாட்டிற்கே, குசராத்திலுள்ள ஜாம்நகரின் வனவிலங்குக் காப்பகத்திற்கு, வந்து சேர்ந்தன. ஆனால் கூண்டு எதைக் காத்தது? உடலைக் காத்தது, வாழும் முறையைக் காக்கவில்லை. எந்தக் கனி எந்தப் பருவத்தில் பழுக்கும், பருந்து வரும்போது எப்படிச் சிதறிப் பறப்பது, எந்தப் பொந்து பாதுகாப்பானது என்பவற்றைக் கூண்டில் பிறந்த கிளி அறியாது. ஆகவே 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் எட்டு நீலக்கிளிகளைக் காட்டில் விட்டபோது, இல்லிகர் கிளிகளையும் உடன் பறக்கவிட்டனர். தன் முன்னோர் மறந்துபோன காட்டறிவை அந்த இளங்கிளிகள் உறவினத்துப் பச்சைக்கிளிகளிடம் கற்க வேண்டியிருந்தது. மறுவருடம் காட்டிலேயே குஞ்சுகளும் பிறந்தன. 2025ஆம் ஆண்டிலோ கிளிகளைத் தாக்கும் கொடிய தொற்றுநோய் அங்குத் தலைகாட்டியது. அற்றுப்போனதை மீட்பது அத்துணைக் கடினம். பல கோடி செலவிட்டும், பல்லாண்டு உழைத்தும், ஒரு காலத்தில் தானே நடந்துவந்த ஒன்றை மீண்டும் நடக்கச் செய்ய இயலுமா என்று உலகம் அஞ்சி நிற்கிறது.

எளிதாய் இருப்பது என்றும் எளிதாகவே இருக்கும் என்று எண்ணுதலும் பிழை. அமெரிக்காவில் கரோலினா கிளி என்றொரு பச்சைக்கிளி கூட்டங்கூட்டமாக வாழ்ந்தது. பழத்தோட்டங்களை அழிப்பது என்று உழவர் அதனைச் சுட்டனர். சுடப்பட்டு வீழ்ந்த துணையைச் சுற்றி மற்றவை மீண்டும் வந்து வட்டமிடும், அவையும் சுடப்படும். அவ்வினத்தின் கடைசிக் கிளி 1918ஆம் ஆண்டு சின்சினாட்டி நகர விலங்குக்காட்சிச்சாலையின் கூண்டொன்றில் இறந்தது. நம் சங்கப் பாடல்களிலும் தினைப்புனத்தில் கிளி ஓட்டும் மகளிரைக் காண்கிறோம். அவர்கள் தட்டையும் குளிரும் ஒலித்துக் கிளியை ஓட்டினர், அற்றுப்போகச் செய்யவில்லை. கதிரில் ஒரு பங்கைக் கிளி கொண்டுபோகும் என்பது அவ்வாழ்க்கையின் கணக்கிலேயே இருந்தது.

பெங்களூரின் பச்சைக்கிளியும் மரப்பொந்தில் வாழ்வதே. சாலையை அகலப்படுத்தவும் மேம்பாலம் கட்டவும் முதிய மரம் ஒன்றை வெட்டும்போது, 'வேறு கன்றுகள் நடுவோம்' என்கிறோம். கன்றில் பொந்து இல்லை. பொந்து உண்டாக ஒரு தலைமுறையேனும் ஆகும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதையும் விற்பதையும் கூண்டில் அடைப்பதையும் குற்றம் என்கிறது. சட்டம் கூண்டைத் தடுக்கலாம். எளியதை மதிக்கும் மனத்தைச் சட்டத்தால் தர இயலாது.

அம்மனம் நம் மரபில் இல்லாததன்று. கிளி, கிள்ளை, தத்தை, சுகம் என்று இப்பறவைக்கு நாம் பல பெயர் வைத்தோம். புலவர் அதனைத் தூது விட்டனர். மதுரைக் கோயிலில் கிளிகளைக் கூண்டில் வைத்திருந்த கிளிக்கூட்டு மண்டபமும் உண்டு. நாமும் கூண்டை அறியாதவரல்லர். ஆயினும் அங்கயற்கண்ணியின் கையில் அமர்ந்திருப்பது கூண்டுக்கிளியன்று, அரிய கிளியுமன்று, ஊர்த்தோப்பில் திரியும் எளிய பச்சைக்கிளியே. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையிலுள்ள கிளியோ இன்னும் எளியது. அது பச்சிலைகளால் கட்டப்படுவது. அதன் அலகு மாதுளம்பூ. நாள்தோறும் புதிதாகக் கட்டுகின்றனர். நேற்றைய கிளி இன்றைக்கு உதவாது. வைணவ ஆசாரியர்கள் இறைவனின் பெருமையைப் பேசும்போது, எட்டாத மேன்மையோடு நின்றுவிடாமல், எவரும் அணுகத்தக்க எளிமையையும் அவன் குணமாக எண்ணி உருகினர். எளிமை குறைவன்று, அருளின் வடிவம் என்பது அவர்கள் கண்ட பொருள்.

இக்கருத்து, பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழும் நமக்கு மிக நெருக்கமானது. நம் வீடுகளில் எளிதாய் இருந்து அரிதாகி வரும் ஒன்று உண்டு. அது நம் தமிழ். முதல் தலைமுறைக்கு அது மூச்சு. எவரும் அதனைப் போற்றவில்லை, பேசினர். இரண்டாம் தலைமுறைக்கு அது வீட்டுமொழி. மூன்றாம் தலைமுறையில் சில இல்லங்களில் அது ஆண்டுவிழா மேடையில் ஒலிக்கும் மொழியாகிவிட்டது. குழந்தை பொருள் அறியாமல் ஒரு குறளை ஒப்பிக்கிறது, அவை கைதட்டுகிறது, 'அருமை, அருமை' என்கிறோம். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்ற பழமொழியை அப்போது நாம் நினைப்பதில்லை. அக்கைதட்டலில் ஒரு துயரமும் கலந்திருக்கிறது. தமிழ் பேசும் குழந்தை வியப்புக்குரியதாயிற்று என்றால், தமிழ் நம் வீட்டில் நீலக்கிளியாகி வருகிறது என்றே பொருள்.

வார இறுதி வகுப்புகளும் மேடைப் போட்டிகளும் வேண்டா என்பது நம் கருத்தன்று. அவை வித்தைக் காக்கும் கூண்டுகள். காத்தமைக்கு நன்றி உரியது. ஆனால் வாழ்வு கூண்டிற்கு வெளியே இருக்கிறது. வெனிசுவேலாவில் ஒரு சிறு பச்சைக்கிளி இனத்தை ஆராய்ந்தோர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி நினைக்கத்தக்கது: ஒவ்வொரு குஞ்சுக்கும் உரிய அழைப்பொலியை, நாம் பெயரிடுவது போல, அதன் தாய் தந்தையரே கூட்டில் கற்பிக்கின்றனவாம். கிளிக்கும் மொழி கூட்டில்தான் தொடங்குகிறது. சோறு பரிமாறும்போதும், கடைக்கு நடக்கும்போதும், பாட்டி தொலைபேசியில் அழைக்கும்போதும் நம் பிள்ளைகள் கேட்கும் தமிழே அவர்களின் தமிழ். பாட்டியும் பேத்தியும் ஒருவரையொருவர் அன்போடு பார்த்துக்கொண்டு, பேசச் சொல்லின்றி இருப்பதினும் பெரிய தனிமை வேறென்ன?

அயல்மொழி சூழ்ந்திருப்பதால் நம் மொழி அழியும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. தெருவில் பிள்ளைகள் கன்னடம் பேசி வளர்வது நலமே. அது உறவின் மொழி. ஒரே குடும்பத்துக் கிளை. காட்டுக்குத் திரும்பிய நீலக்கிளி உறவினத்துக் கிளிகளோடு சேர்ந்து பறந்ததால் தன் நீலத்தை இழந்துவிடவில்லை. மொழி தேய்வது பிறமொழி நம் தெருவில் ஒலிப்பதாலன்று. நம்மொழி நம் கூட்டில் ஒலியாமையால்.

அரியதை வியத்தல் எவர்க்கும் எளிது. எளியதைப் பேணுதலே அரியது. இல்லாமற் போன பின் தேடிச் செலுத்தும் பெருவிலையைவிட, இருக்கும்போது நாள்தோறும் செலுத்தும் சிறு கவனம் மேலானது. இன்று மாலை லால்பாக் பக்கம் செல்வோர் தலைக்குமேல் கூச்சலிட்டுப் பறக்கும் பச்சைக்கிளிகளை ஒருமுறை நின்று பார்க்கட்டும். உடன் வரும் பிள்ளைக்கு அவற்றின் பெயரைத் தமிழில் சொல்லட்டும். நம் பேரப்பிள்ளைகள் தமிழை அரிய மொழி என்று பாராட்டும் நாள் வரவேண்டா. பாராட்ட வேண்டும் என்ற நினைவே எழாமல் அவர்கள் அதில் பேசிச் சிரிக்கும் நாளே நீடிக்கட்டும்.